புது ரிங்கைக் கொஞ்சாதீர்கள்: சின்ன எஞ்சினின் முதல் 20 மணி நேரம்

ரிங்கு (பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டரை அடைக்கும் வளையம்) மாற்றிய எஞ்சினை வாங்கிப் போக வருகிறவரிடம் பட்டறையில் சொல்லி அனுப்பும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு நாளைக்கு மெதுவா ஓட்டுங்க, லோடு குடுக்காதீங்க." அவரும் சொல்பேச்சுக் கேட்டு, வீட்டு வாசலில் வைத்து மணிக்கணக்காக வெறுமனே ஓடவிடுவார். இரண்டு மாதத்தில் எஞ்சின் நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும், இழுவை குறையும். உடனே "சீன ரிங்கு, மட்டமான சரக்கு" என்று பழி போகும். பல நேரம் ரிங்கின் மேல் குற்றமே இருக்காது. அதற்கு வேலை கொடுக்காததுதான் குற்றம்.

பர்மாவில் பெகு, தட்டோன், மோல்மீன் பக்கம் வயலுக்குத் தண்ணீர் இறைப்பதும், ரங்கூனில் கரண்டு போனதும் முடுக்குவதும், ஐராவதி டெல்டாவின் ஓடைகளில் நீளத் தண்டு மாட்டிய படகைத் தள்ளுவதும் ஒரே ஜாதி எஞ்சின்தான். காற்றில் குளிரும், ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். ஹோண்டா ஜிஎக்ஸ் 160, அதைப் பார்த்துச் செய்த சீன 168எஃப் வகை இரண்டும் இதில் அடக்கம். கீழே வரும் அளவுகள் ஜிஎக்ஸ் 160க்கு உரியவை (போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 68 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 45 மி.மீ.; 163 சிசி). வேறு எஞ்சினானால் முறை இதுவே. அளவை மட்டும் அதன் கையேட்டில் பாருங்கள்.

லோடு ஏன் வேண்டும்

ரிங்கு தன் வில் விசையால் மட்டும் சிலிண்டர் சுவரை அழுத்துவதில்லை. அந்த விசை சொற்பம். எரிகிற வாயு ரிங்கின் மேல் இடைவெளியில் புகுந்து, பிஸ்டன் பள்ளத்துக்குள் அதன் முதுகுப் பக்கம் போய், அங்கிருந்து ரிங்கை வெளியே தள்ளுகிறது. சுவரோடு சேர்த்து அழுத்துவது முக்கியமாக இந்த வாயுதான். லோடு ஏறினால் வாயுவின் அழுத்தம் ஏறும், ரிங்கும் இறுக்கமாக உரசும். ஹோன் போட்ட (சுழலும் கல்லால் தேய்த்த) சுவரில் குறுக்கு நெடுக்காகக் கீறல்கள் இருக்கும். அவற்றின் கூர்முனைகள் ரிங்கைத் தேய்த்து, தாமும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று வடிவம் பொருந்திவிடும். கீறலின் அடிப்பள்ளம் மட்டும் மிஞ்சி அதில் ஆயில் தங்கும். ரிங்கு உட்காருவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

லோடு இல்லாமல் ஓட்டினால் நடப்பது வேறு. அழுத்தம் போதாததால் ரிங்கு மேலோட்டமாக வழுக்கும். சூடான வாயு அதைத் தாண்டிக் கீழே கசியும். சுவரில் இருக்கும் ஆயில் கருகி, கீறல்களுக்குள் பிசின் மாதிரி படிந்து இறுகும். சுவர் கண்ணாடி போட்டுவிடும். அதற்குப் பிறகு எத்தனை லோடு கொடுத்தாலும் உரசித் தேய்ப்பதற்குக் கூர்முனை கிடையாது. இந்த வாய்ப்பு திறந்திருப்பது முதல் ஓரிரு மணி நேரம்தான்.

மறுபக்கத் தப்பும் உண்டு. முதல் நிமிடத்திலிருந்தே முழு லோடில் நிறுத்தாமல் ஓட்டினால், மேடாக இருக்கும் இடங்களில் மட்டும் சூடு குவிந்து, ரிங்கும் சுவரும் ஒட்டிப் பிய்ந்து, நெடுக்காகக் கோடு விழும். ஆகவே லோடு ஏற வேண்டும், இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். ஏறும்போது ரிங்கு உரசும். இறங்கும்போது சூடு ஆறும், ஆயில் சுவரை நனைத்துப் பொடியைக் கழுவும்.

ரிங்கு போடுமுன் போரைப் பாருங்கள்

தேய்ந்துபோன போரில் புது ரிங்கு போடுவது வீண் செலவு. போரின் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். புதிதில் 68.000 மி.மீ.; 68.165 தாண்டினால் போரிங் போட்டு (துளையைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போக வேண்டியதுதான். அளக்கும் கருவி இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்து அளந்து வாங்குங்கள். போரின் மேல் விளிம்பில் நகம் வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் இடறும் அளவுக்குத் திட்டு இருந்தால், புது ரிங்கின் கூரான விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் அதில் மோதி உடையும். திட்டை எடுக்காமல் மேலே போகக் கூடாது.

ரிங்கு வாங்கும்போது பழையதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 163 சிசி, 196 சிசி இரண்டுக்கும் போர் 68 மி.மீ. என்பதால் கடையில் ஒன்றை எடுத்து மற்றதற்குத் தந்துவிடுவது உண்டு. விட்டம் சரியாக இருந்தாலும் கனம் வேறாக இருக்கலாம். சீன எல்லை மூசே வழி வந்ததோ தாய்லாந்து எல்லை மியாவடி வழி வந்ததோ, பெட்டியின் மேல் அச்சடித்ததை நம்பாமல் வெர்னியரில் கனத்தை அளந்து வாங்குங்கள். பிஸ்டன் பள்ளத்தில் வைத்தால் மேலும் கீழும் உள்ள இடைவெளி 0.015 முதல் 0.045 மி.மீ. வரை இருக்க வேண்டும். 0.15 தாண்டினால் பள்ளமே தேய்ந்துவிட்டது, பிஸ்டனையும் மாற்றுங்கள்.

ஹோன் போட 220 முதல் 280 வரை கிரிட் உள்ள கல் போதும். டிரில்லை மெதுவாக, நிமிடத்துக்கு 300–500 சுற்றில் வைத்து, மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே மேலும் கீழும் சீராக இழுக்க வேண்டும். கீறல்கள் சுமார் 45 டிகிரியில் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். கீறல் படுத்த மாதிரி வந்தால் கை மெதுவாகப் போகிறது. நின்ற மாதிரி வந்தால் கையின் வேகம் அதிகம். பத்துப் பதினைந்து வினாடி ஓட்டி, எடுத்துப் பாருங்கள். பளபளப்பு போய்ச் சீரான சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் போரைப் பெரிதாக்குகிறீர்கள். இதெல்லாம் ஜிஎக்ஸ் 160இல் இருப்பதுபோல இரும்பு ஸ்லீவ் உள்ள சிலிண்டருக்கு மட்டும். குரோம், நிக்கசில் பூச்சுள்ள போரில் ஹோன் கல் படவே கூடாது.

கழுவுவதில்தான் பாதி வேலை

நல்ல ரிங்கு, நல்ல ஹோன், சரியான பூட்டு எல்லாம் இருந்தும் எஞ்சின் கெட்டுப்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கழுவலை. ஹோன் கல்லிலிருந்து உதிர்ந்த மணலும் இரும்புப் பொடியும் கீறல்களுக்குள் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துணியை நனைத்துத் துடைத்தால் ஆயில் போகும், மணல் போகாது. அது ரிங்கோடு சேர்ந்து ஓடி, பிறகு ஆயிலில் விழுந்து, கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் தின்னும். கிராங்கைக் கழற்றாமலே ஹோன் போட்டு, அடியில் ஒரு துணியைத் திணித்துச் சமாளிப்பது பட்டறைகளில் சகஜம். நேரம் மிச்சம்தான், ஆனால் துணி தடுப்பது கண்ணுக்குத் தெரியும் பொடியை மட்டும். கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

நல்ல சூடான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நார் பிரஷ் போதும். கீறலின் திசையிலேயே தேய்த்து, தண்ணீரை மூன்று முறையாவது மாற்றிக் கழுவுங்கள். துடைத்த கையோடு வெள்ளை வேட்டிக் கிழிசலில் எஞ்சின் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் கறை வந்தால் மறுபடி சோப்புத் தண்ணீருக்கே போக வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை இதுதான் வேலை.

இரும்பு மழைக்காலத்தில் காத்திருக்காது. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை ஈரக் காற்றில், கழுவிய போரை அப்படியே விட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மஞ்சள் பூத்திருக்கும். தண்ணீரைத் துடைத்ததும் ஆயில் தடவிவிடுங்கள்.

ரிங்கின் வாயும் வரிசையும்

ஒவ்வொரு ரிங்கையும் தனித்தனியே போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து 20 மி.மீ. அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். அப்போது ரிங்கு கோணாமல் மட்டமாக நிற்கும். ரிங்கின் இரண்டு முனைகளுக்கு இடையில் (இதுதான் ரிங்கின் வாய்) ஃபீலர் கேஜ் என்ற, கனம் குறித்த மெல்லிய தகட்டை விட்டால் 0.2 முதல் 0.4 மி.மீ. வர வேண்டும். 0.2க்குக் கீழே இருந்தால், சூட்டில் ரிங்கு நீண்டு முனைகள் முட்டிக்கொண்டு சுவரைக் கிழித்துவிடும். மெல்லிய அரத்தால் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் ராவிச் சரிசெய்யுங்கள். புது ரிங்கே 1 மி.மீ. காட்டினால் போர் தேய்ந்திருக்கிறது அல்லது ரிங்கு தப்பு.

போடும் வரிசை கீழிருந்து மேல். முதலில் ஆயில் ரிங்கின் நெளிவுத் தகடு. அதன் இரு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. பிறகு மெல்லிய தகடு இரண்டு, அடுத்து மங்கலான இரண்டாம் ரிங்கு, கடைசியாகப் பளபளக்கும் குரோம் ரிங்கு. முனையருகே எழுத்தோ புள்ளியோ பொறித்திருக்கும் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் ரிங்கைக் கவிழ்த்துப் போட்டால் அது ஆயிலை வழிப்பதை விட்டு மேலே ஏற்றும். பிறகு எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும் புகை நிற்காது. வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் 120 டிகிரி இடைவெளியில் சுற்றி வையுங்கள்.

ஆயிலில் பிஸ்டனை முக்கி எடுப்பது பழைய வழக்கம். புது ரிங்குக்கு அது வேண்டாம். சுவரிலும் பிஸ்டன் பாவாடையிலும் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவர்) விரல் தொட்ட அளவு ஆயில் போதும். மிதமிஞ்சிய ஆயில் முதல் நிமிடங்களில் கருகிக் கீறலை அடைக்கும். பிஸ்டனின் முக்கோணக் குறி, வால்வைத் தள்ளும் புஷ் ராட் பக்கம் இருக்கட்டும். ரிங்கு கம்ப்ரஸர் என்ற தகட்டுப் பட்டையால் ரிங்குகளை இறுக்கி, சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டினாலே பிஸ்டன் இறங்க வேண்டும். எங்காவது நின்றால் ஒரு ரிங்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஓங்கி அடிக்காமல் எடுத்துப் பாருங்கள்.

ராட் போல்ட்டுக்கு 12 நியூட்டன் மீட்டர், ஹெட் போல்ட்டுக்கு 24, ஹெட்டைக் குறுக்காக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஹெட் பேக்கிங் புதிதாக இருக்கட்டும். வால்வு இடைவெளி ஆறிய நிலையில் இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. ஸ்பார்க் பிளக்கு இடைவெளி 0.7–0.8 மி.மீ.

ஆயிலும் பெட்ரோலும்

சிந்தெடிக் ஆயில் வேண்டாம். அது நல்ல ஆயில்தான், அதன் வழுக்கல்தான் இந்த நேரத்துக்குத் தேவையில்லை. சாதா மினரல் ஆயில், 10டபிள்யூ-30 அல்லது எஸ்ஏஇ 30. இந்த எஞ்சின் 0.6 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. முதலில் ஊற்றுவது, பிறகு எஞ்சின் ஓடிய 1ஆம், 5ஆம், 20ஆம் மணி நேரத்தில் மாற்றுவது என்று மொத்தம் 2.4 லிட்டர் வேண்டும். இதை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 1ஆம் மணி மாற்றம் 50ஆம் மணிக்குத் தள்ளிப்போகும். சீல் உடைக்காத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள்.

எஞ்சினை மட்டமான தரையில் வைத்து, ஆயில் வாய் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். இதில் ஆயில் பம்பு கிடையாது. ராடின் அடியில் இருக்கும் அகப்பை ஆயிலை வாரி இறைக்கிறது, அவ்வளவுதான். படகில் பூட்டும்போது எஞ்சின் 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அகப்பைக்கு ஆயில் எட்டாது. தண்டின் சாய்வுக்கு ஏற்ப அடிப்பலகையில் ஆப்பு வைத்து எஞ்சினைச் சமப்படுத்துங்கள்.

பெட்ரோல் 92 போதும். சாலையோரத்தில் பாட்டிலில் வாங்கியதென்றால் அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மழைநாளில் அடியில் தண்ணீர் தனியே பிரிந்து நிற்பது தெரியும். ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். வயலோரத் தூசி ஹோன் மணலைவிட மோசம். காற்றுக் கூண்டையும் கழற்றக் கூடாது. சத்தம் கேட்பதற்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஃபேன் காற்று சிலிண்டரைக் குளிர்விக்கும் தகட்டுத் துடுப்புகளுக்குப் போகாது, புது ரிங்கு சில நிமிடத்தில் வெந்துவிடும்.

முதல் மணி நேரம்

பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, கயிற்றைப் பத்துத் தடவை இழுங்கள், ஆயில் உள்ளே தெறிக்கட்டும். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் குறைவாகக் காட்டினால் பதறாதீர்கள். கயிறு இழுக்க இலகுவாக இருப்பதற்காகக் கேமில் ஒரு அழுத்தத் தணிப்பான் இருக்கிறது, அதோடு ரிங்கும் இன்னும் உட்காரவில்லை.

பற்றவைத்து இரண்டு நிமிடம், அதற்கு மேல் வெறுமனே ஓட வேண்டாம். அந்த இரண்டு நிமிடத்தில் ஆயில் கசிவு, பேக்கிங் சீறல், புதிய தட்டல் எதுவும் உண்டா என்று பாருங்கள். பூட்டும்போது தடவிய ஆயில் எரிந்து நீலமாகக் கொஞ்சம் புகை வரும், அது இயல்பு. பிறகு லோடு.

ஜெனரேட்டரில் இது சுலபம், ஏனென்றால் லோடை வாட் கணக்கில் கொடுக்கலாம். 50 ஹெர்ட்ஸ் செட் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தொடாதீர்கள், வேகம் அப்படியே இருக்க லோடு மட்டும் மாறட்டும். 2 கிலோவாட் செட்டுக்கு முதல் 10 நிமிடம் 500–700 வாட்: தண்ணீர் ஊற்றிய சோறாக்கும் குக்கர் ஒன்று போதும். பிறகு வாளித் தண்ணீருக்குள் ஹீட்டர் கம்பி போட்டு 1,500 வாட்டில் 5 நிமிடம். அதை எடுத்துவிட்டு 500இல் 2 நிமிடம். இப்படி 5, 2 என்று ஆறு முறை. இஸ்திரிப் பெட்டியை லோடாக வைப்பதில் ஒரு சங்கடம்: சூடானதும் அதன் தெர்மோஸ்டாட் தானே அணைத்துவிடும், நீங்கள் லோடில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஃபிரிட்ஜ், டிவி எதையும் மாட்டாதீர்கள். லோடு ஏறி இறங்கும்போது வோல்டேஜ் ஆடும். வாளித் தண்ணீரையோ கம்பியையோ கரண்டு இருக்கும்போது தொடக் கூடாது. மழை பெய்கிறதே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய திண்ணையிலோ வைத்து ஓட்டவும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் பம்பில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. டெலிவரி வால்வைச் சாத்தினால் எஞ்சின் திணறும் என்று நினைப்பார்கள். சுழல் பம்பில் அப்படியில்லை. தண்ணீர் போகப் போகத்தான் லோடு. சாத்தினால் லோடு குறையும். ஆகவே பம்பில் தண்ணீர் நிரப்பி, கால்வாசி திறந்த வால்வோடு 10 நிமிடம், பிறகு முழுக்கத் திறந்து 5 நிமிடம், பாதி சாத்தி 2 நிமிடம் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் பம்பைச் சுற்றவிட்டால் ரிங்கு உட்காரும் முன்பே பம்பின் சீல் கருகிவிடும்.

படகில்தான் ஏமாறுவது எளிது. தண்டின் முனையில் சுழலும் காற்றாடி இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பாதி வேகத்தில் ஓட்டினால் முழு சக்தியில் எட்டில் ஒரு பங்குதான் லோடு. கிட்டத்தட்ட வெறுமனே ஓடுவது போலத்தான். பத்து நிமிடம் நடுத்தர வேகத்தில் சூடேற்றிய பிறகு, மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து முக்கால் முதல் முழு வேகம் வரை 3 நிமிடம், பிறகு இறக்கி 2 நிமிடம் என்று போங்கள்.

சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் இதைத் தொடங்காதீர்கள், விடிகாலையே நல்லது. முடிவில் குறைந்த லோடில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூடு கையில் தாங்கும் அளவுக்கு இறங்கியதும், ஆயில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அதை வடித்துவிட வேண்டும். வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மீன் செதில்போல மினுமினுக்கும் நுண்ணிய பொடி இருக்கும், அது ரிங்கும் சுவரும் தேய்ந்தது. விரலில் உறுத்தும் சில்லோ, நீளத் துகளோ இருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் திறந்து பாருங்கள்.

அதன் பிறகு 20 மணி வரை

இனி வழக்கமான வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 5 மணி நேரம் ஓடும் வரை முழு லோடில் ஒரேயடியாக 15 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், வெறுமனேயும் ஓட வேண்டாம். 5ஆம் மணியில் ஆயில் மாற்றம். 20ஆம் மணியில் மறுபடி ஆயில் மாற்றம், அத்தோடு வால்வு இடைவெளி சோதனை. அதற்குப் பிறகு 100 மணிக்கு ஒரு முறை போதும். ஆயில் மட்டத்தை மட்டும் முடுக்கும் முன் தினமும் பாருங்கள்.

5 மணி நேர ஓட்டத்துக்குள் புகை அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். முடுக்கிய உடனே ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு கைடிலோ, எஞ்சினைச் சாய்த்து வைத்ததிலோ கோளாறு, ரிங்கு அல்ல. லோடு ஏறும்போது புகையும் ஏறி, ஆயில் அறையின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே ஆயில் ஏர் ஃபில்டரை நனைத்தால் வாயு ரிங்கைத் தாண்டுகிறது. ஆயில் நிறைய ஊற்றியிருந்தாலும் இதே அடையாளம் வரும் என்பதால் முதலில் மட்டத்தைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பிளக்கைக் கழற்றுங்கள்: கருப்பாகப் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் ஆயில் எரிகிறது, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டரைப் பாருங்கள்.

கண்ணாடி போட்டுவிட்ட போருக்கு ஆயில் மாற்றமோ சீசாவில் விற்கும் மருந்தோ பலிக்காது. கார்புரேட்டர் வழியே தேய்ப்புப் பொடியை ஊதி விடும் வைத்தியம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. பொடி போரோடு நிற்காமல் வால்வையும் பேரிங்கையும் சேர்த்துத் தேய்க்கும். திறந்து, லேசாக ஹோன் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, மறுபடி புது ரிங்கு போடுவதுதான் வழி. ஏற்கெனவே ஓடிய ரிங்கின் முகம் மழுங்கியிருக்கும், அதையே திருப்பிப் போடாதீர்கள்.

பழக்கி முடித்த பம்பை மழைக்காலம் முழுக்கக் கிடப்பில் போடுவதானால், பெட்ரோலை வடித்துவிட்டு, பிளக்கு ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, இரண்டு மூன்று தடவை கயிற்றை மெதுவாக இழுங்கள். பிளக்கை மாட்டி, கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று போருக்குள் போகாது. கோடைச் சாகுபடிக்கு எடுக்கும்போது விட்ட ஆயில் எரிந்து ஒரு நிமிடம் புகையும், பயப்பட வேண்டாம்.